இன்ஜின்காரியின் முகம்

சாரத்தைச் சுற்றிக் கட்டியிருந்த பச்சை வலையின் கடைசி முடிச்சை அவிழ்த்ததும் அது சரசரவென்று சரிந்து தரையில் குவிந்தது. பதினோரு நாளாக மூடிக் கிடந்த சுவர் அன்றுதான் முழு வெயிலைப் பார்த்தது. பெயின்ட் அக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"போச்சு. மானம் போச்சு," என்று முணுமுணுத்தாள்.

சுவரில் இருந்த பெண்ணின் முகம் அவள் நினைத்த நிறத்தில் இல்லை. அவள் நினைத்தது ஈரமண் நிறம். அங்கே இருந்ததோ சுட்ட செங்கல். சுற்றிலும் குளிர்ந்த நீல வானம், நட்சத்திரங்கள், நடுவில் இந்த முகம் மட்டும் நூற்றிரண்டு டிகிரி காய்ச்சலில் கொதித்துக்கொண்டிருந்தது.

தப்பு எங்கே நடந்தது என்று யோசிக்க அவளுக்கு இரண்டு வினாடிகூடத் தேவைப்படவில்லை. வலைக்குள் வருகிற வெளிச்சம் பச்சை. அதில் எந்தத் தோல் நிறத்தைக் கலந்தாலும் சோகை பிடித்த மாதிரிதான் தெரியும். அதனால் கலந்ததை ஒரு பலகையில் தடவி, சாரத்தைவிட்டு இறங்கி, வெளியே வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் சுவரில் வைக்க வேண்டும். சுவரேறி வரைகிற எவருக்கும் இது பாலபாடம். இருபத்தாறு வருஷமாக ஒருநாளும் தவறாமல் இறங்கிப் பார்த்தவள், இந்தத் தடவை முட்டி வீங்கிக் கிடந்ததால், "எல்லாம் கண்ணுக்குத் தெரியும்" என்று மேலேயே உட்கார்ந்துவிட்டாள். சோகையாகத் தெரிந்தது, செங்காவியைச் சேர்த்தாள். இன்னும் தெரிந்தது, இன்னும் சேர்த்தாள். வானத்துக்கு மட்டும் டப்பாவில் வந்த நீலத்தை அப்படியே அடித்ததால் வானம் தப்பித்தது. முகம் வசமாக மாட்டிக்கொண்டது.

சரி, யார் இந்த முகம்? அதைச் சொல்லாமல் மேலே போனால் நியாயமில்லை.

முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் ஞாயிறு காலைகளில் தொலைக்காட்சியில் ஒரு தொடர் வந்தது. பன்னிரண்டாயிரம் பேரை உறக்கத்தில் ஏற்றிக்கொண்டு ஏதோ ஒரு தூரத்துக் கிரகத்துக்குப் போகும் விண்கப்பல். மேல்தட்டில் பளபளவென்று கேப்டன், பளபளவென்று அவர் காதலி. அடித்தட்டில் ஐம்பது வயது இன்ஜின்காரி. ஒட்ட வெட்டிய முடி, காதிலிருந்து தாடை வரை தீக்காயம், இடது கையில் மூன்றே விரல். கேப்டன் ஒருநாள், பின்கட்டில் தூங்கும் நானூறு கூலிக்காரர்களைக் கழற்றிவிட்டால்தான் கப்பல் பிழைக்கும் என்று கணக்குப் போட்டார். இன்ஜின்காரி இன்ஜின் அறைக் கதவை உள்ளே பூட்டிக்கொண்டு ஒலிபெருக்கியில் சொன்னாள்: "எண்ணிட்டு வாங்க கேப்டன். ஒரு ஆள் குறைஞ்சாலும் இன்ஜின் ஓடாது." அவ்வளவுதான், பெயின்ட் அக்காவும் அவள் தங்கச்சியும் அன்றைக்கு விழுந்தவர்கள் விழுந்தவர்கள்தான். தொடரைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள். கப்பல் இன்றுவரை போய்ச் சேரவில்லை. ஆனால் தங்கச்சி போய்ச் சேர்ந்தாள், பேருந்துப் பணிமனையில் வெல்டராக.

அந்தப் பணிமனையின் சுவர்தான் இது. புதுக் கொட்டகை திறப்பு விழாவுக்காக, வாசலில் "ஊக்கம் தரும் ஒரு பெண்மணி" படம் வரைய வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. யாரை வரையலாம் என்று மேனேஜர் ஒரு பெட்டி வைத்துச் சீட்டுப் போடச் சொன்னார். தலைவர், தியாகி என்று ஏதாவது வரும் என்று எதிர்பார்த்தவருக்கு, இருநூற்றுப் பதினேழு சீட்டில் நூற்று நாற்பது "இன்ஜின்காரி" என்று வந்தது. கதையில் வருகிற ஆள்தானே, எந்தக் கட்சியும் சண்டைக்கு வராது என்று அவரும் தலையாட்டிவிட்டார்.

இப்போது அந்தத் தலை வேறு மாதிரி ஆடிக்கொண்டு வந்தது. கசங்காத சட்டை, கையில் செல்போன்.

"என்னம்மா இது?"

"இன்ஜின்காரி சார்."

"அது தெரியுது. மூஞ்சி ஏன் இப்படி இருக்கு, கருகிப்போன மாதிரி?"

பெயின்ட் அக்கா பொய் சொல்லத் தெரியாதவள். "சார், அதுல ஒரு தப்பு நடந்து..." என்று ஆரம்பித்தாள். அவர் முடிக்க விட்டால்தானே!

"தப்பு நடக்கும்னு தெரிஞ்சுதான் நானே ஒண்ணு ரெடி பண்ணி வச்சேன். நாளன்னைக்கு காலையில டைரக்டர் வர்றார். அதுக்குள்ள இப்படி மாத்திடுங்க." செல்போனை நீட்டினார்.

அதில் ஒரு பெண் இருந்தாள். இருபது வயசு. பால் ஊற்றிக் கழுவிய கன்னம். தீக்காயம் போன இடம் தெரியவில்லை. இடது கையில் ஐந்து விரலும் முளைத்திருந்தன. சுவரில் அவள் வலது கை பிடித்திருந்த ஸ்பேனருக்குப் பதில் ஒரு வெள்ளைப் புறா உட்கார்ந்திருந்தது.

"இது யாரு சார்?"

"அவங்கதான். கொஞ்சம் லட்சணமா."

"புறா?"

"சமாதானம்மா. நல்லா இருக்கும்ல?"

"விரல் எப்படி சார் முளைச்சுது?"

"விரல் இல்லாம நின்னா பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க? இந்த பணிமனையில பாதுகாப்பு சரியில்லன்னு நினைப்பாங்க. ஏற்கெனவே போன வருஷம் ஒரு கேஸ் ஆச்சு. வயசையும் குறைச்சுடுங்க. கலரு முக்கியம். டிவியில நடிச்சவங்க நல்ல கலராத்தானே இருந்திருப்பாங்க?"

"எங்க வீட்டுல இருந்தது கருப்பு வெள்ளைப் பெட்டி சார். அவங்க என்ன கலர்னு அவங்களுக்கும் அவங்க அம்மாவுக்கும்தான் தெரியும்."

"அப்ப நல்ல கலராவே போட்டுடுங்களேன். யாரு வந்து கேக்கப் போறா?"

ஒரு விஷயத்தை உள்ளது உள்ளபடி சொல்லிவிட வேண்டும். அந்த நிமிஷம் வரை, மறுபடி சாரத்தில் ஏறி முகத்தை முழுக்கத் திருத்திவிடத்தான் பெயின்ட் அக்கா நினைத்திருந்தாள். தன் தொழில் தப்பு தன் கண்ணையே உறுத்தியது. அந்த மனுஷன் வாயை மூடிக்கொண்டு போயிருந்தால் இந்தக் கதையே கிடையாது. புறாவைக் காட்டினார் பாருங்கள், அங்கேதான் அவளுக்கு உச்சி கொதித்துவிட்டது.

"நான் முகத்துல கை வைக்க மாட்டேன் சார்."

மேனேஜர் சிரித்தார். கெட்ட மனுஷன் என்று சொல்லிவிட முடியாது, மேலதிகாரியை நினைத்தாலே வேர்த்துப்போகிற சாதி. அந்த மாதிரி ஆட்கள் பயத்தில் செய்கிற அக்கிரமம் கெட்டவன் செய்வதைவிட ஒரு பிடி அதிகம். "உங்க தங்கச்சி இங்கதானே வெல்டரா இருக்காங்க? யோசிச்சு சொல்லுங்க. சாயங்காலம் வரைக்கும் டைம் இருக்கு," என்றார். போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, வந்த வழியே போய்விட்டார்.

பெயின்ட் அக்கா நேரே வெல்டிங் பகுதிக்கு நடந்தாள். முட்டி வலித்தது, வலிக்கட்டும் என்று நடந்தாள். தங்கச்சியிடம் கொட்டித் தீர்க்க வேண்டும்போல் இருந்தது.

தங்கச்சி குனிந்து, வளைந்துபோன ஒரு குறுக்குச் சட்டத்தை கேஸ் நெருப்பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள். இரும்பு பழுத்துவிட்டது. நெருப்பை அணைத்துவிட்டு, கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளி, இரும்பைக் கூர்ந்து பார்த்தாள். பழுத்த இரும்பின் வெளிச்சம் கீழேயிருந்து அவள் முகத்தில் அடித்தது. தாடை, கன்னம், மூக்கின் ஒரு பக்கம், எல்லாம் சுட்ட செங்கல் நிறம்.

பெயின்ட் அக்கா நின்ற இடத்திலேயே நின்றுவிட்டாள்.

"என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?"

"அப்படியே இரு. அசையாத."

"இரும்பு ஆறிடும்க்கா."

"ஆறினா மறுபடி காய்ச்சிக்கோ. மூஞ்சியைத் திருப்பாதடி!"

தங்கச்சிக்கு அக்காவின் கிறுக்கு பழக்கம்தான், அசையாமல் இருந்தாள். பெயின்ட் அக்கா அவளைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள். இன்ஜின் பக்கத்திலேயே வாழ்ந்தவள் முகம் வேறு எப்படி இருக்கும்? முகத்தில் இருக்கிற நிறம் சரி. அதற்கு வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் அவள் சுவரில் போடவில்லை. நெருப்பையே போடாமல் நெருப்பில் நிற்கிறவளை நீல வானத்துக்கு நடுவே அநாதையாக நிறுத்திவிட்டாள். முகத்தைத் தொட வேண்டியதில்லை. வானத்தை மாற்றினால் போதும்.

பிறகு மேனேஜர் சொன்னதைச் சொன்னாள். சொல்லும்போதே குரல் இறங்கிப்போனது. "என்னை என்ன வேணா செய்யட்டும். உன் பேரை இழுத்துட்டான்டி. அதான் பயமா இருக்கு."

தங்கச்சி கையுறையைக் கழற்றி, மறுபடி மாட்டினாள். "வெளியூர் டிப்போவுக்குத் தள்ளுவான். போக வர நாலு மணி நேரம். வீட்டுல அவருக்கு தனியா ஒரு டீ கூட போடத் தெரியாது."

"வேணாம்னா சொல்லு. நான் புறாவையே போட்டுத் தொலைக்கிறேன்."

"புறாவா?"

பெயின்ட் அக்கா விஷயத்தைச் சொன்னாள். தங்கச்சி சிரிக்க ஆரம்பித்தவள், சிரிப்பு பாதியில் நின்று, முகம் இறுகிப்போனாள். "விரலையுமா ஒட்டச் சொன்னான்? இங்க ஃபிட்டர் அண்ணனுக்கு போன வருஷம் ரெண்டு விரல் போச்சே, அவர் தினம் அந்த வாசல் வழியாத்தானே வர்றார்? அக்கா, நீ மட்டும் அந்த மூஞ்சியில வெள்ளையைத் தடவினே, அப்புறம் உனக்கும் எனக்கும் பேச்சு கிடையாது. சொல்லிட்டேன்."

சாயங்காலம் மேனேஜருக்குப் பதில் சொல்ல அவள் போகவில்லை. மறுநாள் காலை ஏழு மணிக்கெல்லாம் பெயின்ட் அக்கா சாரத்தில் இருந்தாள். மேலே ஏறியதும் முதல் வேலையாக ஏணியைக் கையோடு மேலே இழுத்துப் பலகையில் படுக்கப் போட்டாள். தண்ணீர் பாட்டில், நாலு ரொட்டி, எட்டு டப்பா பெயின்ட். இறங்கும் யோசனையே இல்லை என்பது பார்க்கிறவர்களுக்கு நன்றாகப் புரிந்தது.

வானத்தின் கீழ்ப் பாதியில் நீலத்தை அடித்துத் தள்ளிவிட்டு ஆரஞ்சை இழுத்தாள். இன்ஜின் வாய் திறந்து அனல் கக்குவதுபோல் ஒரு வெளிச்சம். அதன் விளிம்பு இன்ஜின்காரியின் தோளில், சட்டைக் காலரில், ஸ்பேனரின் முனையில், அந்த மூன்று விரல்களில் ஏறியது. கலந்த ஒவ்வொன்றையும் கையை நீட்டி நேர் வெயிலில் பார்த்துவிட்டுத்தான் வைத்தாள். மறுபடி ஏமாற அவள் தயாராக இல்லை.

ஒன்பது மணிக்கு மேனேஜர் வந்தார். "மூஞ்சியைத் திருத்தச் சொன்னா வானத்துல என்னம்மா பண்ணிட்டு இருக்கீங்க? இறங்குங்க!"

"காயட்டும் சார், இறங்கறேன்."

"எப்ப காயும்?"

"மழை இல்லன்னா நாளைக்கு."

மேனேஜர் ஸ்டோர் பொறுப்பாளரைக் கூப்பிட்டு ஏணி கேட்டார். அந்த அம்மா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "ஏணி எடுக்கணும்னா படிவம் எழுதணும் சார். பெல்ட் சோதனை பண்ணணும். பாதுகாப்பு அலுவலர் கையெழுத்து போடணும். அவர் இன்னைக்கு லீவு," என்றாள்.

"யாரு போட்ட சட்டம் இது?"

"நீங்கதான் சார். போன வருஷம்."

யாரோ ஒரு பேருந்துக்கு அடியிலிருந்து சிரித்தார்கள். மேனேஜர் குனிந்து பார்ப்பதற்குள் சிரிப்பு நின்றுவிட்டது.

மதியம் சாப்பாட்டு நேரத்தில் ஆட்கள் தூக்குப் பாத்திரத்தோடு வந்து சுவருக்கு முன்னால் நின்றார்கள். நேற்றுக் காய்ச்சலில் கிடந்தவள் இன்று எழுந்து நின்றிருந்தாள். முகத்தில் ஒரு பொட்டு நிறம்கூட மாறவில்லை, ஆனால் ஒட்டுமொத்த சுவரும் இப்போது அந்த முகத்தின் பக்கம் சேர்ந்துவிட்டது. இரண்டு விரல் போன அந்த ஃபிட்டர் வெகுநேரம் பார்த்தார். "இப்பத்தான் அவங்க இன்ஜின் பக்கத்துல நிக்கிறாங்க," என்றார். பிறகு போய்ச் சாப்பிட உட்கார்ந்தார்.

மேனேஜர் விடுவதாக இல்லை. "நேத்து நீங்களே தப்புன்னு சொன்னீங்கல்ல? எல்லார் முன்னாடியும் சொல்லுங்க!"

"ஆமா, தப்புத்தான்!" பெயின்ட் அக்கா மேலேயிருந்து பணிமனை முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். "வலைக்குள்ளயே உக்காந்து கலர் கலந்தது என் தப்பு, என் சோம்பேறித்தனம். அதைத் திருத்திட்டேன், பாருங்க. ஆனா நீங்க திருத்தச் சொன்னது என் தப்பை இல்ல சார். அவங்களை!"

கீழே ஒருவரும் கைதட்டவில்லை. கைதட்டினால் யார் தட்டியது என்று பேர் எழுதிக்கொள்வார் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் சாப்பாட்டு மணி அடித்து முடிந்த பிறகும் யாரும் நகரவில்லை.

மேனேஜர் தரையைப் பார்த்தார். பிறகு முகம் தெளிந்தது. அந்தத் தெளிவைப் பார்த்தபோதுதான் பெயின்ட் அக்காவுக்கு பயம் பிடித்தது. "சரிம்மா. நீங்க இறங்கவே வேண்டாம். அங்கேயே இருங்க," என்றார். போனை எடுத்து, இருபதடிக்குப் பதினைந்தடி ஃபிளெக்ஸ் பேனர் ஒன்றுக்குச் சொன்னார். டைரக்டர் கைகூப்பி நிற்கிற படம். சரியாக இன்ஜின்காரியின் முகத்தை மூடுகிற அளவு.

பேனர் மாட்டக் கொக்கி வேண்டும். சுவருக்கு மேலே கொட்டகையின் இரும்புச் சட்டம் ஓடியது. அதில் நாலு கொக்கி வெல்டிங் செய்தால் முடிந்தது வேலை. பணிமனையில் ஐந்து வெல்டர்கள் இருந்தார்கள். மேனேஜர் வேண்டுமென்றே ஒரே ஒருத்தியைக் கூப்பிட்டனுப்பினார்.

தங்கச்சி நெற்றியில் கறுப்புக் கண்ணாடியோடு வந்து நின்றாள்.

"உள்பக்கமா ஏறி, மேல அந்தச் சட்டத்துல நாலு கொக்கி வைக்கணும்."

"எதுக்கு சார்?"

"பேனர் தொங்க விட."

"பேனர் எதை மறைக்கும் சார்?"

"அது உன் வேலை இல்ல."

"கொக்கி வைக்கிறதுதானே என் வேலை? வைக்க மாட்டேன் சார்."

மேலே பெயின்ட் அக்காவுக்கு வேண்டாம்டி, வச்சுத் தொலை என்று கத்த வாய் வந்தது. கூடவே, இன்னும் சத்தமாகச் சொல்லுடி என்றும் வந்தது. பிரஷ்ஷை ஆரஞ்சுக்குப் பதில் நீல டப்பாவில் முக்கிவிட்டாள்.

"எழுத்துல குடுப்பியா?" என்றார் மேனேஜர். இந்தக் கேள்விக்கு இதுவரை யாரும் ஆமாம் சொன்னதில்லை.

"பேனா குடுங்க சார்."

அவருடைய சட்டைப்பையிலிருந்தே பேனாவை வாங்கி, பக்கத்தில் நின்ற பேருந்தின் முதுகில் காகிதத்தை வைத்து எழுதினாள். எழுதியதை வாய்விட்டுப் படித்தும் காட்டினாள்: "இன்ஜின்காரி முகத்தை மறைக்க நான் கொக்கி வைக்க மாட்டேன். எனக்கு வேலை தெரியும். மனசில்லை." கீழே கையெழுத்து, தேதி, பணி எண்.

மேனேஜர் மற்ற வெல்டர்களைக் கூப்பிட்டார். முதல் ஆள் பேனாவை வாங்கி அந்தக் கையெழுத்துக்குக் கீழே தன் கையெழுத்தைப் போட்டார். இரண்டாவது ஆளும் போட்டார். மூன்றாவது ஆளுக்கு அந்த நேரம் பார்த்துத் தாங்க முடியாத வயிற்றுவலி வந்து கழிப்பறைக்கு ஓடினார், சாயங்காலம் வரை வரவில்லை. நாலாவது ஆள், "என் கையில சிலிண்டர் தீர்ந்து போச்சு சார்," என்றார், தோளில் புதுச் சிலிண்டரைத் தாங்கிக்கொண்டே.

பேனர் சாயங்காலம் வந்தது. சுருட்டியபடியே ஸ்டோரில் கிடந்தது. மறுநாள் காலையும் அங்கேயேதான் கிடந்தது.

விடியற்காலையில் நிறம் காய்ந்ததும் பெயின்ட் அக்கா இறங்கினாள், சாரத்தைப் பிரித்தார்கள். டைரக்டர் பத்து மணிக்கு வந்தார். ரிப்பனை வெட்டினார். சுவரை ஒரு ஐந்து வினாடி பார்த்தார். மேனேஜரின் கசங்காத சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. "யாரு இவங்க?" என்று கேட்டார் டைரக்டர். மேனேஜர் வாயைத் திறப்பதற்குள் விரல் போன ஃபிட்டர், "எங்க இன்ஜின்காரி சார்," என்றார். டைரக்டர், "ம்ம்," என்றார். "டீ இருக்கா?" என்றார். அவ்வளவுதான். நிறமும் தெரியவில்லை, விரலும் தெரியவில்லை, வயசும் தெரியவில்லை அந்தப் புண்ணியவானுக்கு. இதற்குத்தான் இத்தனை கூத்து!

ஆனால் அந்தக் காகிதம் மேனேஜரிடம் இருந்தது. மூன்றாம் நாள் தங்கச்சிக்கு மாற்றல் உத்தரவு வந்தது. அவள் சொன்ன அதே வெளியூர் டிப்போ, அதே நாலு மணி நேரம். மற்ற இரண்டு பேருக்கும் எச்சரிக்கைக் கடிதத்தோடு போயிற்று. பெயின்ட் அக்காவை இனி பணிமனை வேலை எதற்கும் கூப்பிடக் கூடாது என்று வாசல் அறையில் எழுதி ஒட்டியிருந்தார்கள். காவலாளி அதைப் படித்துக் காட்டிவிட்டு, கேட்டுக்கு வெளியே நாற்காலி போட்டு, "இங்கருந்து பார்த்தா படம் முழுசாத் தெரியும், உக்காருங்க," என்றார்.

அவள் உட்காரவில்லை. வீட்டுக்குப் போய்ச் சும்மா படுத்துக் கிடந்தாள். நான் வானத்தை மாற்றப் போய்த் தங்கச்சியின் பிழைப்பை மாற்றிவிட்டேனே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். அவளைப் பார்க்க வந்த தங்கச்சி புருஷன் தானே டீ போடக் கிளம்பி, சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டுக் கொண்டுவந்து நீட்டினார். அதையும் ஒன்றும் சொல்லாமல் குடித்தாள். அப்படி இருந்தது மனசு.

தங்கச்சி புது டிப்போவில் சேர்ந்த முதல் நாள், மதியச் சாப்பாட்டு நேரத்துக்குப் போன் அடித்தது. பின்னணியில் ஒரே சத்தம், சுத்தியல் அடி, யாரோ யாரையோ கூப்பிடுகிற குரல்.

"எப்படிடி இருக்க?" என்றாள் பெயின்ட் அக்கா.

"நூத்தம்பது பேர்க்கா, நாங்க மூணே பொம்பளைங்க. கழிப்பறைக்குத் தாழ்ப்பாளே இல்ல. காலையில நானே இரும்பு வெட்டி ஒண்ணு வச்சேன். எங்க போனாலும், கொக்கி வைக்க மாட்டேன்னு எழுதிக் குடுத்தது நீதானான்னு கேக்கிறாங்க. இங்க ஒரு மேனேஜர் இருக்கார், என்னைப் பார்த்தாலே பேனாவை ஒளிச்சு வச்சிக்கிறார்."

பெயின்ட் அக்காவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"அக்கா, கேக்கிறியா? கேன்டீனுக்கு எதிர்ல ஒரு சுவரு சும்மா நிக்குது. இங்க இருக்கிறவங்க உன்னைக் கேக்கச் சொல்றாங்க."

பெயின்ட் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள்.

"எத்தனை அடி?" என்றாள்.